மச்சாளுக்குச் சொல்லாத வீடு

நான்கு படுக்கையறை வீட்டில் இருந்தபோது, சாப்பாடு ரெடி என்று நான் கீழே நின்று போனில் மெசேஜ் போடுவேன். மேலேயிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். ஆள் வராது. இப்போது காரவனில், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சில்லு வைத்த சின்ன வீட்டில், இருக்கிறோம். ஒரு கரண்டி விழுந்தால் நாலு பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

இதைத் தொடக்கி வைத்தவர் என் கணவர்தான். பழியை முதலிலேயே அவர் தலையில் போட்டுவிடுகிறேன். அவர் எலக்ட்ரீசியன். திங்கள் முதல் சனி வரை வான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை "ஒரு சின்ன வேலை". அந்தச் சின்ன வேலை ஒருநாளாவது நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போது ஏழு வயதாயிருந்த சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் எங்கள் குடும்பத்தைப் படம் வரைந்தாள். அம்மா, அக்கா, தான், வாசலில் ஒரு வெள்ளை வான். அப்பா எங்கே என்று கேட்டேன்.

"வானுக்குள்ள," என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மடித்துக் கொண்டுபோய் வானுக்குள் வைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, யாரோ ஒருவரின் காரவனுக்கு வயரிங் செய்துவிட்டு வந்தவர், புட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டார்.

"நாங்களும் உப்பிடி ஒண்டுக்குள்ள இருந்தால் என்ன?"

"உங்களுக்கு விசரே?"

"யோசிச்சுப் பாரும். இவ்வளவு பெரிய வீடு ஆருக்கு? நான் இதுக்குள்ள இருக்கிறதே இல்லை."

ஒரு மாதம் சண்டை பிடித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, விருந்தாளி அறையைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் படுக்காத கட்டில், யாரும் திறக்காத அலுமாரி. வாரம் தவறாமல் அதைத் துடைக்க ஒரு சம்பளமில்லாத வேலைக்காரி, அதுவும் நான். துணியை எறிந்துவிட்டுக் கீழே வந்து, "சரி, போவம்," என்றேன். மனுசனுக்கு நம்ப முடியவில்லை. தேத்தண்ணீரை மேசையில் ஊற்றிவிட்டார்.

தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருந்த வீட்டை விற்றோம். எட்மண்டனுக்கு அப்பால், லண்டனின் வடக்கு விளிம்பில், வருடம் முழுவதும் தங்கக்கூடிய காரவன் தளம் ஒன்றில் இடம் எடுத்தோம். எங்களிடம் பதினொரு சட்டிகள் இருந்தன. காரவனில் மூன்றுக்குத்தான் இடம். சோகேஸில் மூன்று தேநீர் செட் இருந்தன, ஒன்றில்கூட ஒரு வாய் தேநீர் யாரும் குடித்ததில்லை. மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அழாமல் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அரிசியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பத்துக் கிலோ மூட்டைகள் நாலையும், மிளகாய்த்தூள் வாளியையும், தேங்காய்ப்பால் பெட்டிகளையும் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவிட்டேன். காரவனை இழுத்துப் போக வந்த வெள்ளைக்காரர் அதன் மூக்கு வானத்தைப் பார்ப்பதைக் கண்டு, பின்னால் என்ன கல்லா ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அரிசி என்றேன். மனுசன் நம்பவில்லை. கட்டிலைத் தூக்கிக் காட்டினேன். நான்கு பேருக்கா என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்றுதான் இருந்தது. மச்சாள்.

மச்சாள் என் கணவரின் அக்கா, பாரிஸில் இருக்கிறா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, அலுவலகங்களில் நிலம் துடைத்து, அவரை பாரிஸுக்கு எடுத்து, பிறகு லண்டனுக்கு அனுப்பியதும் அவதான். அக்கா சொன்னால் என் கணவருக்கு மறுபேச்சு இல்லை. பாரிஸை விடு என்றா, விட்டார். இந்தப் பிள்ளையைக் கட்டு என்றா, கட்டினார். அந்த ஒரு முடிவில் எனக்குக் குறையில்லை.

மச்சாளிடம் ஒரு டயறி இருக்கிறது. சொந்தக்காரர் அத்தனை பேரின் விலாசமும் அதில், பென்சிலில். "எங்கட ஆக்கள் ஓரிடத்தில நிண்டால்தானே," என்பா. யாராவது வீடு மாறினால் அழித்துவிட்டு எழுதுவா. என் கணவரின் பக்கத்தில் ஜெர்மனி அகதி முகாமிலிருந்து பாரிஸ் வழியாக லண்டன் வாடகை அறைகள் வரை ஒன்பது விலாசம் அழிந்து, தாள் மெலிந்து மறுபக்கம் தெரியும். நாங்கள் வீடு வாங்கியபோது மச்சாள் வந்து பால் காய்ச்சினா. அந்த மாடிப்படியில் வேலையில்லாமல் மூன்றுதரம் ஏறி இறங்கினா. பிறகு டயறியை எடுத்து, என்னிடம் பேனை வாங்கி, அந்த விலாசத்தைப் பேனையால் எழுதினா. அந்த டயறியில் பேனையால் எழுதிய ஒரே விலாசம் அதுதான்.

அதை விற்றுவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் மச்சாள் ஒரே வார்த்தைதான் சொல்லுவா: திரும்ப வாங்கு. என் கணவர் அடுத்த நாளே வீட்டு ஏஜென்ட் வாசலில் நிற்பார். திரும்பவும் ஆறு நாள் வேலையும் ஏழாம் நாள் சின்ன வேலையும். காரவனுக்கு வந்த பிறகு அவர் ஐந்து நாள்தான் வேலைக்குப் போனார். சனிக்கிழமைகளில் சின்னவளுக்குச் சைக்கிள் பழக்கினார். பெரியவளோடு சீட்டு விளையாடித் தோற்றுக் கத்தினார். அந்தச் சத்தத்தை இழக்க எனக்கு மனமில்லை. அதனால் பொய்க்கு நானும் உடந்தை. உண்மையில் திட்டமே என்னுடையது.

மச்சாள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் வருவா. பத்தே முக்காலுக்கு நாங்கள் செட் போடுவோம். பழைய ஹோலின் மெரூன் திரைச்சீலையை மட்டும் நான் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதைக் காரவனின் ஒரு பக்கம் முழுக்கத் தொங்கவிட்டு, முன்னால் பெரியவள் வயசுக்கு வந்த சடங்கில் எடுத்த சாமத்திய வீட்டுப் படத்தை நிறுத்துவோம். கதவளவு படம், பொன் சட்டம். அதைக் கட்டிலுக்குப் பின்னாலிருந்து இழுத்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தாலே பெரியவளுக்குக் கோபம் ஏறும்.

"அம்மா, திஸ் இஸ் சோ ஃபேக். மாமிக்கு ஜஸ்ட் சொல்லுங்கோவன்."

"நீ வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கம் பிடி."

இப்படியே ஐப்பசியிலிருந்து பங்குனி வரை ஓட்டிவிட்டோம். நான் ஒரு கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் போன் அடித்தது. எங்கள் வீட்டை வாங்கிய இளம் வெள்ளைக்காரப் பெண். கடிதம் ஏதும் வந்தால் சொல்லும்படி நம்பர் கொடுத்திருந்தேன். கடிதம் வரவில்லை, ஓர் அம்மா வந்திருக்கிறார் என்றாள். சூட்கேஸோடு. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து குசினியில் இருக்கிறார், மிகவும் நல்லவர், ஆனால் போகிற மாதிரித் தெரியவில்லை என்றாள்.

ஐயோ கடவுளே! வேலையில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, லண்டனின் வடக்கிலிருந்து தெற்குக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினார். நான் மட்டும் ஓயாமல் பேசினேன். பைப் உடைஞ்சு வீடு திருத்துறம் எண்டு சொல்லுவம். வாடகைக்கு விட்டிருக்கிறம் எண்டு சொல்லுவம்.

"காணும், நிப்பாட்டும்," என்றார் கடைசியில். "இனிப் பொய் சொல்ல ஏலாது."

பழைய வீட்டுக் குசினியில் மச்சாள் கதிரையில் நிமிர்ந்து இருந்தா. முன்னால் தேத்தண்ணீர். எங்களுக்கென்று பாரிஸிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த பயத்தம் பணியாரத்தை அந்தப் பெண்ணும் புருசனும் பாதி முடித்திருந்தார்கள். மச்சாளின் ஆங்கிலம் அரைவாசி பிரெஞ்சு, ஆனாலும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் மச்சாளின் சிரிப்பு நின்றது.

"அக்கா, இஞ்ச ஏன்..." என்று என் கணவர் இழுத்தார்.

"நீ தந்த விலாசத்துக்குத்தான் வந்தனான்," என்றா மச்சாள்.

வானில் முன் சீட்டில் இருந்தா. சின்னவள் வரைந்த படம் முன்னால் செருகியிருந்தது. அதை எடுத்து விரித்துப் பார்த்தா, திரும்ப மடித்து வைத்தா. நான் பின்னால் இருந்து உண்மை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சாள் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. பேசினால் திட்டுகிறா என்று தெரியும். பேசாத மனுசியை என்ன செய்வது?

காரவன் படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினா. எல்லாவற்றையும் திறந்து பார்த்தா. அலுமாரி, அடுப்பு, கட்டிலுக்குக் கீழே அரிசி. அரிசியைக் கண்டதும் மட்டும் தலையை ஆட்டினா, அதில் கொஞ்சம் மதிப்பு இருந்தது. கக்கூஸைத் திறந்து நெடுநேரம் பார்த்தா. சின்னவள் பக்கத்தில் நின்று, நிரம்பிய பெட்டியை அப்பா எப்படி இழுத்தெடுத்துக் கொண்டுபோய் ஊற்றுவார் என்று கை கால் ஆட்டி விளக்கினாள். நான் பூமி பிளக்காதா என்று நின்றேன்.

சமைத்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு? இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும். நாலு பேர் இருக்கும் மேசையில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். மச்சாளின் முழங்கை என் கணவரின் தட்டுக்குள். அவர் இரண்டாம் முறை இடியப்பம் போட்டபோது வெளியே மழை பிடித்தது. காரவன் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கத்தித்தான் கதைக்க வேண்டும்.

மச்சாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தா.

"இந்தச் சத்தந்தான்," என்றா.

"என்ன சத்தம், மச்சாள்?"

"கார்த்திகையில இருந்து போனில கேக்கிறன், பிள்ளை. மாடி வீட்டில கீழ் ஹோலில இருந்து கதைக்கிறியள், மழை எப்பிடி உங்கட தலையில விழும்?"

பெரியவள் குபீர் என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். நான் அந்த மெரூன் திரைச்சீலையை எரித்துவிட நினைத்தேன்.

"நீங்கள் அந்த வீட்டில இல்லை எண்டு தெரிஞ்சுதான் இருந்தனான். இந்த ஞாயிறு சொல்லுவான், அடுத்த ஞாயிறு சொல்லுவான் எண்டு பாத்தன்," என்று தம்பியின் பக்கம் திரும்பினா. குரல் உடைந்தது. "வீட்டை வித்ததுக்கு இல்லையடா. எனக்கு ஒளிச்சிட்டாயே."

என் கணவர் சாப்பாட்டுக் கையோடு அழுதார். கட்டிய நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மச்சாள் தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டா. பிறகு, நான் ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்த அந்த வார்த்தை வந்தது.

"போனது போகட்டும். திரும்ப ஒரு வீடு பாப்பம், தம்பி."

ஓம் அக்கா என்று இப்போது சொல்லப்போகிறார், சைக்கிளும் சீட்டும் முடிந்தது என்று நினைத்தேன். மழைதான் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏலாது, அக்கா," என்றார் என் கணவர்.

மச்சாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நான் இப்ப பிள்ளையளோட இருக்கிறன், அக்கா. எனக்கு இது காணும்," என்றார்.

மச்சாள் எழும்பிக் கை கழுவினா. பையைத் திறந்து டயறியை எடுத்தா. தம்பியின் பக்கத்தை விரித்து, கோலியர்ஸ் வுட் விலாசத்தின் மேல் தானே ஒரு கோடு இழுத்தா. பிறகு டயறியை அவர் முன்னால் தள்ளினா.

"எழுது."

அவர் டயறியில் நூலால் கட்டியிருந்த பென்சிலை எடுத்தார். மச்சாள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டுப் பேனையைக் கொடுத்தா.

"அக்கா, இதுக்குச் சில்லு இருக்கு," என்றார் என் கணவர். "நாளைக்கே வேற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம்."

"சில்லை நானும் கண்டனான். பேனையால எழுது."

அவர் எழுதினார். போஸ்ட்கோட் மறந்துபோனது. சின்னவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.