காதி சோப்பும் சீசியமும்

எழில்மொழிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மனசுக்குள் வைத்துக் கறுவுவாள். அது எவ்வளவு பொல்லாதது என்று பேராசிரியர் புகழேந்திக்குத் தெரியாமல் போனது அவருடைய கெட்ட நேரம்.

தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் ஒப்பந்த உதவியாளர். அப்பாவும் அம்மாவும் ஊரான் வயலில் நட்டும் அறுத்தும் படிக்க வைத்த பெண். அணு உலை விபத்தில் சீசியம் என்ற கதிரியக்கத் தூசு பயிர்மேல் படிந்தால், வேருக்குப் போகாமல் இலை வழியாகவே நெல்மணிக்குள் இறங்குமா? இதுதான் ஆராய்ச்சி. கதிரியக்கம் இல்லாத சாதா சீசியத்தைக் கரைத்துத் தொட்டியில் வளர்த்த நெல்மேல் தெளிப்பார்கள். பயிருக்கு இரண்டும் ஒன்றுதான். பொட்டாசியம் மாதிரியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இரண்டு போகம் ஒன்றும் தேறவில்லை. நெல் இலையில் எங்கே தண்ணீர் நிற்கிறது? உருண்டு ஓடிவிடுகிறது. மூன்றாவது போகத்தில் எழில், துளி இலையில் ஒட்டட்டும் என்று கரைசலில் கொஞ்சம் காதி சோப்பைக் கலந்தாள். வேப்பெண்ணெய் அடிக்கும்போது அவள் அம்மா அம்சம் செய்வதுதானே அது! வேருக்குப் போகாதபடி தொட்டி மண்ணைப் பாலித்தீனால் மூடிவிட்டுத் தெளித்தாள். அறுவடையானதும் பார்த்தால், அரிசிக்குள் சீசியம்!

குறிப்பு நோட்டோடு ஓடினாள். "நோட்டெல்லாம் எதுக்கும்மா? ரிசல்ட்டை மட்டும் கொடு" என்றார் புகழேந்தி. கட்டுரை வந்தது. அவர் பெயரும் அவர் மருமகன் பெயரும்தான் இருந்தன. பிஎச்.டி. சீட்டுக்கு அந்தக் கட்டுரையைத்தான் அவள் நம்பியிருந்தாள். போய்க் கேட்டாள்.

"தொட்டிக்குத் தண்ணி ஊத்துறவங்க பேரையெல்லாம் போட முடியுமா?"

இருய்யா, உன்னை வச்சுக்கறேன் என்று நாலு மாசம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பணம் தரும் குழு ஆய்வுக்கு வந்தது. கமருன்னிஸா என்ற விஞ்ஞானி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நெல் இலையில துளி நிக்காதே, எப்படிங்க நிறுத்துனீங்க?"

"சும்மா ஸ்பிரேயர்ல அடிச்சோம் மேடம்" என்றார் புகழேந்தி.

"எங்க, அடிச்சுக் காட்டுங்க."

அடித்தார். அத்தனை துளியும் பொலபொலவென்று மண்ணில் விழுந்தது. "இப்படி மண்ணுல விழுந்தா வேர்தானே இழுத்திருக்கும்? இலைன்னு எப்படி எழுதுனீங்க?" என்றார் அந்தம்மா. புகழேந்தி திருதிருவென முழித்தபடி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"எழில், நீ சொல்லும்மா."

நாக்கு நுனியில் நின்றது பதில். சொன்னால் கட்டுரை பிழைக்கும், அவர் பெயரோடு. சொல்லாவிட்டால் அவளுடைய இரண்டு வருஷ உழைப்பும் சேர்ந்து நாசம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். கட்டுரை எழுதுனவங்கதான் சொல்லணும்" என்றாள்.

திட்டத்தை நிறுத்தினார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்த வாரமே எழிலுக்கும் வேலை போனது. பையோடு வெளியே வந்தவளைக் வாசல் கேட் பக்கத்தில் மறித்தார் புகழேந்தி. முகம் சுண்டிப் போயிருந்தது.

"உனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் மறைச்சே. உன் உழைப்பும்தானே பாழாப் போச்சு?"

"போகட்டும் சார்" என்றாள் எழில். "நீங்க அங்க முழிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தேன் பாருங்க, அதுக்கு இது சல்லிசு."