ஓரிகன் என்ன முடிவெடுக்கிறது என்று பார்ப்பவர்

ஹைதராபாத் அமீர்பேட்டில் தினமும் என்னோடு மெட்ரோ ஏறுவார். நெற்றியில் திருநீறு, தோளில் கம்பெனி கொடுத்த பை, பேச்சில் கோயம்புத்தூர். அமெரிக்காவில் ஒருவர் இறந்தால் அவர் சொத்துக்கு விதிக்கப்படும் வரிதான் இவருக்குக் காலைப் பலகாரம். மத்திய அரசு என்ன மாற்றியது, எந்த மாநிலம் என்ன மாற்றியது என்று பச்சை மையில் டைரியில் எழுதிக்கொள்வார். அங்கே இவருக்கு மகனும் இல்லை, மச்சானும் இல்லை. கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் மட்டும் உண்டு. மொத்தச் சேமிப்பும் அதுதான்.

"ஏனுங் தம்பி, வரிவிலக்கு வரம்பை மறுபடி ஏத்திட்டாங்க. கோடிக்கணக்குல டாலர் வச்சிருக்கறவனுக்குத்தான் வரி. நமக்குக் கவலையே இல்லீங்."

அலுவலகத்தில் நான் பார்ப்பதும் இதே வரிதான். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அது அங்க குடியிருக்கறவங்களுக்கு. ஹைதராபாத்துல உக்காந்து அமெரிக்கப் பங்கு வச்சிருக்கற நமக்கு வரம்பு அறுபதாயிரம் டாலர்தான். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, அதுக்கு மேல உள்ளதுக்கு உங்க வீட்டு மேடம் வரி கட்டணும். கொஞ்சம் வித்துடுங்க."

அதிர்ந்துவிடுவார் என்று பார்த்தேன்.

"அது தெரியுமுங் தம்பி. அந்த அறுபதாயிரம் பல வருஷமா மாறவே இல்லீங்களே. மாறுறதைத்தானுங்களே நாம கவனிக்கணும்?"

"அப்ப விக்கலையா?"

"ஓரிகன் மாநிலத்துல இந்த வரியை மாத்தறதைப் பத்தி என்னமோ பேசிக்கிட்டிருக்காங்க. அது முடியட்டுமுங், பார்க்கலாம்."

ஓரிகனில் அவருக்கு ஒரு ஜோடி செருப்புகூடக் கிடையாது.

நல்ல மனிதர்தான், ஆனாலும் என் எரிச்சல் குறையவில்லை. வீட்டில் இருக்கும் அவர் மனைவியிடம் இதை யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.