ஒரே தெருவில் இரண்டு வாத்தியார்கள்

எங்கள் தெருவில் வாத்தியார்கள் இரண்டு பேர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். இன்னொருவர் முதலியார்பேட்டைப் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தேர்தல் வந்தால் அவருடைய ஆட்கள் ஓட்டுச்சாவடி வாசலில் தடியோடு நிற்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மண்டை உடைந்து திரும்புவார்கள். மற்ற நாட்களில் தெருமுனைச் சாராயக்கடைக்கு அவர்கள்தான் காவல். ஆலையில் வேலை பார்த்த என் மகனும் அவரிடம் கம்பு பிடித்தவன். அவன் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

இந்திய ஆட்சி வந்த பிறகு, அவருடைய தங்கை புருஷனை ஒரு குடிச்சண்டையில் கடை ஆட்களே அடித்துக் கொன்றார்கள். பிணத்தைத் தூக்கியவர் சிலம்ப வாத்தியார்தான். அதன்பின் அவர் காவலுக்குப் போகவில்லை. கடையை எடுக்கச் சொல்லி, தெருப் பெண்களோடு அதன் வாசலை மறித்து உட்கார்ந்தார். யாரும் கம்பு கொண்டுவரக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் மகனும் போய் உட்கார்ந்தான்.

கடைக் குத்தகைக்காரர் வெளியூர் ஆட்களை அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்ட மூன்று பேர் டீக்கடையில் நின்று, வாத்தியார் வீடு எது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். யாரோ படிக்கிற பிள்ளைகளின் வீட்டார் என்று நினைத்து, டீக்கடைக்காரர் என் வீட்டைக் காட்டிவிட்டார்.

நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். மகன் கதவைத் திறந்து, அப்பா குளிக்கிறார், உட்காருங்கள் என்று சொன்னது கேட்டது. அடுத்துக் கேட்டது பச்சை மட்டையை வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடி வந்தேன். அவன் தோள் பிளந்திருந்தது. தடுக்கத் தூக்கிய இடது கையில் இரண்டு விரல்கள் தொங்கின. அரிவாள் வைத்திருந்தவன் ஈரவேட்டியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இவன் இல்லடா. வூடு மாறிப்போச்சி."

அவசரமே இல்லாமல் நடந்து போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வாத்தியாரின் பையன்கள் சாக்கில் கத்திகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் உள்ளே வந்ததும் மகன் கட்டிலிலிருந்து எழப் பார்த்தான்.

"ஒரு வார்த்த சொல்லுங்க வாத்தியாரே. எனக்கு ஒரு கை போதும்."

வெட்டுப்பட்டுப் பிழைத்தவன் இனி வெட்டப் போகிறான் என்று நினைத்தேன். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். வந்த மூன்று பேரின் அடையாளத்தையும் விசாரித்தார். நான் சொன்னதும் முகம் சுருங்கியது. அவருடைய பழைய தேர்தல் கூட்டாளிகளாம்.

"சார், சட்டயப் போடுங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

அங்கே ஏட்டு, இன்னிக்கு எவன் மண்டையை உடைச்சே என்று கேட்டுச் சிரித்தார். வாத்தியார் நின்றபடியே மூன்று பேரின் பெயரையும் சொன்னார். குத்தகைக்காரர் பெயரைச் சொன்னார். அவருக்காகத் தான் செய்த அடிதடிகளையும் சொன்னார். ஏட்டின் சிரிப்பு நின்றுவிட்டது. போலீஸிடம் பெயர் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் ஒரே சட்டம்.

வெளியே வந்ததும் அவருடைய பையன்களில் ஒருவன், "காட்டிக் குடுத்துட்டியே, த்தூ," என்று துப்பி, கம்பால் அவர் தலையில் அடித்தான். அந்த அடியைத் தடுக்க அவருக்குத் தெரியாதா? கை கீழேயே இருந்தது. கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணு போட்டுக்கடா. ஆனா குத்தகைக்காரன் வூட்டுக்குப் போவாத."

விஷயம் தெரிந்ததும் மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அவனை ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, சாராயக்கடை வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைக்கட்டோடு வாத்தியார். எதிரே கடை ஆட்கள் தடிகளோடு நின்றார்கள். மகன் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கினான். யாரை அடிக்கப் போகிறான் என்று பயந்து அவன் சட்டையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனான்.

போய், பெண்களுக்கு முன்னால், தடிகளுக்கு மிக அருகில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வாத்தியார் சற்று நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். நானும் இறங்கிப் போய் உட்கார்ந்தேன்.