அலையாத்தி என்று ஒரு பெயர்

கடலூரில், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்கும் வேலை எனக்கு. ஒருநாள் சிதம்பரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், மகளுக்கு ‘அலையாத்தி’ என்று எழுதிக் கொடுத்தாள். பிச்சாவரம் உப்பங்கழியில் வளரும் மரத்தின் பெயர். கம்ப்யூட்டரில் தேடினேன், அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

“ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கம்மா. வேற நல்ல பேரா வையேன்” என்று சிரித்தேன்.

“சுனாமி வந்தப்ப எனக்கு ஆறு வயசு மேடம். எங்கம்மா கை நழுவிப் போச்சு. அந்த மரத்தப் புடிச்சிக்கினுதான் தொங்கினு இருந்தேன்.”

அலையின் வேகத்தை ஆற்றுவதால்தான் அது அலையாத்தி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பெயரைச் சேர்த்து, எழுந்து நின்று சான்றிதழைக் கொடுத்தேன். அவள் போனபின் மறுபடி தேடினேன். ஒருத்தி இருந்தாள்.