எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று ஜெபித்தோம்

எங்களோடு சேர்ந்து ஜெபித்த சகோதர சகோதரிகளே, என் மகள் நிரோஷாவின் உடல் என்னை ஏற்க மறுத்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

2007 மாசி மாதம் கொழும்பில் என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குப் பொருத்தினார்கள். முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு சிறுநீர் குறைந்தது. முகம் வீங்கியது. அப்போதும் பகிடி விட்டாள்: "அம்மா, உங்கட கிட்னிக்கும் உங்கட குணம்தான். கோவிச்சுக்கொண்டு வேலை செய்யுதில்ல." என்னால் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் விளக்கினார். நோயாக இருந்த காலத்தில் அவளுக்குப் பலமுறை பிறர் இரத்தம் ஏற்றியிருந்தோம். அதனால் அவள் உடலில் அந்நியக் கலங்களை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உருவாகிவிட்டன. பொருத்துமுன் செய்த பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைவாக இருந்தவை, என் சிறுநீரகத்தைக் கண்டதும் பெருகித் தாக்குகின்றன. எங்கள் ஊர் வந்தாறுமூலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் 'பிறபொருளெதிரி' என்ற சொல்லை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பெற்ற நானே அவளுக்குப் பிறபொருள் ஆவேன் என்று நினைத்ததில்லை.

யுத்தம் நடந்ததால் ஊரிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓடவில்லை. ஊரில் அகப்பட்டிருந்த என் கணவர் தொலைபேசியில் எடுத்தார்.

"இஞ்ச சபையில எல்லாரும் உபவாசம். புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கூடவேணும் எண்டு ஜெபிக்கிறம்."

"ஐயோ, அதக் கேக்காதீங்க! குறையவேணும் எண்டு கேளுங்க."

"ஒனக்கென்ன விசரா? அது இல்லாட்டி புள்ள தாங்குவாளா?"

"அதுதான் என்ட கிட்னியக் கொல்லுது."

"அப்ப காய்ச்சல் வந்தா?" என்றார்.

கூடினால் சிறுநீரகம் போகும். குறைந்தால் கிருமி கொல்லும். எதைக் கேட்பது? இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்து அகற்றினார்கள். பலமான மருந்து ஏற்றினார்கள். சரிவருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. என் வயிற்றுத் தையல் இழுக்க, அவள் கிடந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஆண்டவரே, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முடியுமுன் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. தாதி பையைத் தூக்கிக் காட்டினார். நான் அப்படியே நிலத்தில் அமர்ந்து அழுதேன்.

மருத்துவர்களின் கைகளைக் கொண்டு ஆண்டவர் செய்தார் என்று நம்புகிறேன். மகள் இப்போது வீட்டில் இருக்கிறாள். எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறாள். ஆலயத்தில் யாராவது தும்மினாலும் அவளை அப்பால் இழுத்துக்கொள்வேன். அந்தப் பயம் போகவில்லை. ஜெபம்தான் மாறிவிட்டது. முன்பெல்லாம் இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது பிள்ளையைக் காட்டிவிட்டு நிற்கிறேன். நாங்கள் பிழையாகக் கேட்டதையும் அவர் சரியாகவே விளங்கிக்கொண்டார். உங்களில் யாருக்காவது என்ன கேட்பதென்று தெரியாவிட்டால், தெரியாமலேயே அவரிடம் வாருங்கள். எனக்கும் தெரியாது.