முடிச்சூர் வீட்டுக்கு ஒன்பது படி

ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் கல்லூரியில் ஒரு வகுப்பே என் செலவில் நடக்கிறது. தாம்பரத்தில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? திருமுடிவாக்கத்தில் எனக்கு இரும்புப் பட்டறை. கேட், கிரில், மாடிப்படி எல்லாம் செய்கிறோம். இங்கிருந்து வண்டலூர் வரைக்கும் என் கேட் இல்லாத தெரு இருந்தால் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

கட்டடக்கலை சொல்லித்தரும் பேராசிரியை ஒருவர் பட்டறைக்கு வந்தார். தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு ஏற்ற வீட்டை மாணவர்களே வடிவமைக்க ஒரு வகுப்பு. நடத்த நிதியில்லை என்றார்.

"பேப்பர்ல வீடு கட்ட நான் எதுக்கு மேடம்? நெஜமா ஒண்ணு கட்டுங்க, தர்றேன்."

"யாருக்கு சார் கட்டுறது?"

அதற்கும் ஆள் வைத்திருந்தேன். என் வெல்டரின் வீடு முடிச்சூரில், பள்ளத்தில். ஐப்பசி பிறந்தால் அவர் மனைவி பிள்ளைகளையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு மாடம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார்.

"தங்கச்சி புருசன் மூஞ்சிய பாத்துகினு சாப்புடறது பேஜாரு. இந்த மழைக்கு எங்க வூட்லயே இருக்கணும்" என்றார் மாணவர்களிடம். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அவர்கள் அந்தம்மாவைக் குடத்தோடு நடக்கவிட்டு, கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று டேப் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆறடி உயர இரும்புத் தூண்கள், மேலே இரண்டு அறை, ஏறிப்போகப் பன்னிரண்டு படி என்று வரைந்து கொடுத்தார்கள்.

பன்னிரண்டு! இரட்டைப்படையில் யாராவது படி வைப்பார்களா? வலது காலில் தொடங்கி வலது காலிலேயே வீட்டுக்குள் நுழைய வேண்டாமா? யாரிடமும் கேட்காமல் ஒன்பதாக்கிவிட்டேன். படி விஷயத்தில் நான் போய் யாரைக் கேட்பது?

வீடு எழும்பியதும் நல்ல நாள் பார்த்து, படிக்கு மாலை போட்டு நிறுத்தினோம். அந்தம்மா நிறைகுடத்தோடு ஏறினார். நான்காவது படியில் குடம் சாய்ந்தது. கீழே நின்ற என் வெள்ளைச் சட்டைக்கு அபிஷேகம்.

"இன்னா சார் இது, படியா பனமரமா?"

"சாருக்குத் தெரியாதா? பழகிடும், ஏறு" என்றார் வெல்டர்.

"நீ தூக்கினு ஏறு, பாப்போம்."

வெல்டர் வாங்கி ஏறினார். ஆறாவது படியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"அப்ப மாடம்பாக்கத்துக்கே போறேன். தெனம் இதுல ஏறி எறங்கினா இடுப்பு போய்டும்." அந்தம்மாவின் குரலில் இப்போது கேலி இல்லை. மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு மாணவி டேப்பை நீட்டினாள். "படிக்கு எட்டு இன்ச் சார். அக்காவுக்கு ஆறுக்கு மேல ஆகாதுன்னு ப்ளான்லயே எழுதியிருந்தோமே."

"பன்னெண்டு ரெட்டைப்படைம்மா. குடும்பம் வெளங்குமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தரையோட ஒரு கருங்கல் பதிச்சு அதையும் எண்ணிக்கலாம் சார். பதிமூணு."

இரும்பு வெட்டும் கட்டரை எடுத்தேன். வெல்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே புதுப்படி வைத்தேன். மூன்றே நாள். வெட்டிய இடம் எது, ஒட்டிய இடம் எது என்று கண்டுபிடித்தால் பரிசு தருகிறேன்.

மழை வந்தது. தெருவும் வழக்கம்போல் மூழ்கியது. அந்தம்மா போன் செய்தார். "எங்கயும் போவல சார். மீன் கொழம்பு வச்சிகீறேன், வாங்க."

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டு நின்றது. மேலே பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மிக்ஸி அதன் இடத்தில் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் தன் மொட்டை மாடியிலிருந்து கத்தினார்: "சார், எங்க வூட்டையும் கொஞ்சம் பாருங்க!"

தெருவே கேட்கட்டும் என்று அங்கிருந்தே பேராசிரியைக்குப் போன் போட்டேன். "அடுத்த வருஷமும் வகுப்பு என் செலவுதான் மேடம். எதிர்வீடும் ரெடி."

"ரொம்ப சந்தோஷம் சார். படி?"

"பசங்க என்ன போடுறாங்களோ அதான்" என்றேன், கொஞ்சம் மெதுவாக.