சௌபாக்யா ஸ்கேனுக்குள் போன நாள்

2018 ஏப்ரல் 10: 21
மே 8: 23
ஜூன் 12: 17
ஆகஸ்ட் 14: 11
அக்டோபர் 9: 6

பிள்ளை பெற்ற பெண்களின் மனச்சோர்வை அளக்கக் கேட்கும் பத்துக் கேள்விகளில் சௌபாக்யா வாங்கிய மொத்த மதிப்பெண்கள் இவை. முப்பதுக்கு. கூடினால் நோய் கூடுதல். கர்நாடகத்தின் தார்வாடில் உள்ள எங்கள் மருத்துவமனையின் ஆய்வுப் பதிவேட்டில் அவள் பதினேழாவது பெண். நவல்குந்துக்காரி, வயது இருபத்து நான்கு.

மே 15, செவ்வாய், காலை 10.20க்கு மூளை ஸ்கேனுக்கு வந்தாள். குழந்தை அழும் ஒலியைக் கேட்கும்போது தாயின் மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. கூட வந்த மாமியார் கங்கவ்வா வாசலிலேயே மறித்தார்.

"உள்ள ஐஸ் பெட்டியாட்டம் இருக்கு. பெத்து மூணு மாசம் ஆகல. அஞ்சு மாசம் காதுல காத்து படக்கூடாது, தெரியுமில்ல?"

"புள்ளையக் கதக்குக்கு அனுப்ப மட்டும் அஞ்சு மாசம் பொறுக்க மாட்டீங்களா அத்தே?"

விஷயம் அதுதான். குழந்தை அழுதாலும் எழுந்து வராதவளிடம் பிள்ளை எதற்கு என்று, கதக் ஊரில் இருக்கும் பிள்ளையில்லாத நாத்தனார் சாவித்ரவ்வாவுக்குக் கொடுக்க வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அங்கே தொட்டில்கூட வாங்கியாகிவிட்டது. தனக்கு இருப்பது வெறுப்பல்ல, நோய் என்று ஸ்கேன் காட்டிவிடும், அதை வைத்துப் பிள்ளையைக் காத்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் சௌபாக்யா வந்தாள்.

உலோகம் சோதிக்கும் கருவி, காதை மூடி அவள் கட்டியிருந்த தலைத்துணி அருகே கத்தியது. பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் தைத்த இரும்பாணி. பேய் அண்டாதிருக்கப் பிள்ளை பெற்றவளிடம் இரும்பு வைப்பார்கள். கங்கவ்வா சொல்லாமல் தைத்திருந்தார். ஸ்கேன் கருவியின் காந்தம் இழுத்து ஆணி பாய்ந்திருந்தால் கண் போயிருக்கும். டெக்னீஷியன் ஸ்கேனையே ரத்து செய்யப் பார்த்தார்.

சௌபாக்யா நூலைப் பல்லால் கடித்து, ஆணியைப் பிடுங்கி, மாமியார் கையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்க. பேய் வந்தா வெளியில உக்காந்திருக்கறவங்களைத்தான் முதல்ல பார்க்கும்." டெக்னீஷியனிடம் திரும்பினாள். "இன்னொரு தடவை சோதிங்கண்ணா. ஸ்கேன் எடுக்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

நாற்பத்திரண்டு நிமிடம் அசையாமல் படுத்திருந்தாள்.

அவள் வெளியே வந்ததும் கங்கவ்வா, ஆய்வை நடத்தும் டாக்டர் சுமங்களாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன தெரிஞ்சுது? புள்ள மேல இவளுக்குப் பாசம் இருக்கா, இல்லையா?"

"ஒருத்தி படத்தை வச்சு அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. நாப்பது பேர் படத்தைச் சேர்த்துப் பார்த்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும். கையில குடுக்கச் சீட்டு எதுவும் கிடையாது."

ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருந்தது. நம்பிக்கையில் சௌபாக்யா அதைத் தாண்டிவிட்டிருந்தாள்.

கங்கவ்வா சிரித்தார். "இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

சௌபாக்யாவின் முகம் வெளுத்தது. மாமியார் எதிரே வந்து நின்றாள்.

"படம் பேசலைன்னா நான் பேசறேன். எனக்குச் சீக்கு. மருந்து தின்னு மாத்திக்கறேன். காமாலை வந்தவகிட்ட இருந்து புள்ளையப் புடுங்குவீங்களா? கதக்குத் தொட்டில்ல உங்க மக துணி காயப்போடட்டும்."

அன்றே மாத்திரை தொடங்கினாள். கணவன் ஈரண்ணா அவளுடன் வரத் தயங்கினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் தனியாகப் பஸ்ஸில் வந்தாள். அக்டோபரில் வீட்டார், "சரி, புள்ள உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்கள். வாய்ச்சொல் போதாது என்றாள். இனி பிள்ளையைக் கேட்பதில்லை என்று நாத்தனார் தன் கையால் எழுதித் தர வேண்டும், நகல் எங்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். முதல் கடிதத்தில் 'பார்க்கலாம்' என்று இருந்தது, திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் கையெழுத்து இல்லை. அதுவும் திரும்பிப் போனது.

கையெழுத்தோடு கடைசிக் கடிதம் வந்த தேதி: 2019 ஜனவரி 9, புதன்கிழமை.